முரசுக் கோபுரம் ஏறிச் சம்பந்தம் பேசிய விவரம்

பெய்ஜிங்,
முரசுக் கோபுரத்துக் கிழக்குச் சந்து,
நிலாப் பண்டிகைக்கு முந்தின வாரம்.

அன்பு மகள் யுன்ஷுவுக்கு,

உன் அப்பா குவான் பெய்லின் ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே இடது முட்டி நீங்கலாக நான் முழு நலம். அங்கே செங்டூவில் நீயும், நீ தோண்டிக்கொண்டிருக்கும் மெட்ரோ சுரங்கமும், அதற்குள் இறங்கும் அத்தனை பேரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் உன் அம்மா படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வானிலைச் செய்தியில் பெய்ஜிங்கை விட்டுவிட்டுச் செங்டூவைத்தான் பார்க்கிறேன். அங்கே மழை என்றால் நான் இங்கே குடையோடு கிளம்பிவிடுகிறேன், சந்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார், ஏதாவது கெட்ட சேதியோ என்று பதறாதே. நான் அனுப்புகிற குரல்பதிவுகளை நீ முழுதாகக் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். போன வாரம் ஒன்றில், நடுவில், "வீடு தீப்பிடிச்சு எரியுது" என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினாய். ஆகவே காகிதத்துக்கு வந்துவிட்டேன். காகிதத்தைப் பாதியில் நிறுத்த மனசு வராது பார்.

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், தண்டனையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். புத்தாண்டுக்கு வந்தபோது கொழுக்கட்டை பிடித்துக்கொண்டே மிரட்டினாயே, "அப்பா, அந்த மாப்பிள்ள தேடுற பூங்காவுல போய் என் பேரை எழுதி விரிச்சு வச்சீங்கன்னா நான் இந்த வாசப்படியே மிதிக்க மாட்டேன்" என்று? போனேன். எழுதினேன். விரித்தும் வைத்தேன். எல்லா அப்பா அம்மாவும் செய்கிற மாதிரி குடையை விரித்துத் தரையில் வைத்து, அதன்மேல் உன் வயசு, படிப்பு, வேலை, உயரம் எல்லாம் எழுதின தாளைத் துணிக்கிளிப் போட்டு மாட்டி, பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். பூங்கா முழுக்கக் குடை. ஒரு பொட்டு மழை இல்லை. எந்தக் குடைப் பிள்ளைக்கும் தன் பெயர் அங்கே கிடப்பது தெரியாது. நீ கோபப்படுவாய் என்று தெரிந்துதான் செய்தேன். எனக்கு வேறு என்னம்மா வேண்டும்? நான் கண்ணை மூடின பிறகு சாயங்காலம் நீ வீட்டுக்குள் நுழையும்போது "சாப்பிட்டியா" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான். நீ "தனியா நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாய். தனியாக ஒருத்தர் எப்படி நல்லா இருக்க முடியும்? எனக்குத் தெரியாதா?

இதில் உன் சுய் பெரியப்பா செய்த வேலை ஒன்று இருக்கிறது. நம் முற்றத்துக்கு எதிர் அறையில் இருந்துகொண்டு நாள் முழுக்கப் புறாவுக்கும் எனக்கும் புத்தி சொல்கிற மனுஷன் சும்மா இருப்பாரா? "டேய் பெய்லின், எல்லாவனும் பிளாட்டு, காருன்னு எழுதுவான். உன்கிட்ட ரெண்டும் கெடையாது. நீ கலாசாரம்னு எழுது. கலாசாரத்த எவனும் வந்து டேப் வச்சு அளந்து பாக்க மாட்டான்" என்றார். அவர் பேச்சைக் கேட்டு, 'பெண்ணின் தந்தை முரசுக் கோபுரத்தின் வரலாற்றில் தேர்ச்சி பெற்றவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். யுன்ஷு, முப்பது வருஷத்துக்கு மேலே அந்தக் கோபுரத்துக்கு முன்னால் பஸ்ஸைத் திருப்பியவன் நான். அதன் வரலாற்றில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே திரும்பும்போது ஹாரன் அடித்தால் போலீஸ்காரர் முறைப்பார் என்பது ஒன்றுதான். உள்ளே ஒரு நாள் காலை வைத்ததில்லை. நம்ம சந்தில் யார்தான் வைத்திருக்கிறார்கள்? அது வெளியூர்க்காரர்கள் ஏறுவதற்காகக் கட்டினது.

அப்போதுதான் லுவான் அம்மா வந்தார். முழுப்பெயர் லுவான் சுஜென். தபால் ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், வீட்டுக்காரர் இல்லை, ஒரே பையன், பெயர் ஹைதாவ். உன் விவரத்தை நின்றபடியே தலைமுதல் கால்வரை படித்துவிட்டு, "பொண்ணு போட்டோல சிரிக்கலையே?" என்று கேட்டார்.

"சுரங்கத்துல எடுத்தது. ஹெல்மெட் இறுக்கமா இருந்திருக்கும்."

"என் பையன் போட்டோல சிரிக்கிறான். எதுக்குச் சிரிக்கிறான்னுதான் எனக்கே தெரியல" என்று சொல்லிவிட்டுத் தன் தாளை நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் சிரிக்கக் கூடாது என்று அடக்கினேன், மூக்கு வழியாக வந்துவிட்டது. அதற்குள் அவர் கலாசாரத்துக்கு வந்துவிட்டார். "அட, முரசுக் கோபுரமா? நான் இந்த ஊர்லயே பொறந்து வளந்தவ, ஒரு தடவகூட ஏறினதில்ல. நீங்க அதுல தேறினவரு. வியாழக்கிழம கூட்டிட்டுப் போங்களேன், ஏறிக்கிட்டே பசங்க விஷயத்தப் பேசி முடிச்சிடலாம்" என்றார். நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் என்னைக் கேட்காமல் "தாராளமா" என்று சொல்லிவிட்டது.

வியாழக்கிழமைக்குள் எனக்குக் கோபுரத்தைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைச் சுய் பெரியப்பா ஏற்றுக்கொண்டார். அவரும் ஏறினதில்லை. அவர் சொன்னதில் பாதி அவர் தாத்தா சொன்னது, மீதிப் பாதி முட்டை அவிகிற நேரத்தில் அவரே யோசித்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் பாட்டுக்கு மனப்பாடம் செய்தேன். முட்டிக்குக் குளிர் ஆகாது என்று உள்ளே ரெண்டு கம்பளிக் கால்சட்டை போட்டு, மேலே நீ வாங்கிக்கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு, கையில் சிவப்புப் பழம் போட்ட தேநீர் பிளாஸ்க், தலையில் இருக்கிற நாலு முடிக்கும் எண்ணெய் என்று கிளம்பினேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சந்து முனை வருவதற்குள் நான் வெந்துவிட்டேன்.

லுவான் அம்மா சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார், நீலச் சட்டை, கையில் வளைந்த பிடி வைத்த குடை. கம்பீரமாக முன்னால் நடந்தேன். நடந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நின்றால் மானம் போய்விடும் என்று நிற்காமல் நடந்தேன், "முதல்ல ஒரு சுத்து சுத்தி வரணும், அதுதான் வழக்கம்" என்றேன். ஒரு சுற்று முடிந்தது. வாசல் கண்ணில் படவில்லை. "ரெண்டு சுத்துன்னும் சொல்லுவாங்க" என்றேன். ரெண்டாவது சுற்றில் அவர் மெதுவாக, "குவான் சார், இதோ இங்க 'வழி'ன்னு எழுதி ஒரு அம்பு போட்டிருக்கு. அது வெளியூர்க்காரங்களுக்கு மட்டுமா?" என்று கேட்டார். அந்த இடத்தில் அவர் வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வேறு யாராவது இருந்தால் என்னைக் காய்ச்சி எடுத்திருப்பார்கள்.

டிக்கெட் கவுண்டரில் அடுத்த கூத்து. மூத்தவர்களுக்குச் சலுகை உண்டு, அட்டையைக் காட்டினால் போதும். நான் காட்டவில்லை, முழு டிக்கெட் வாங்கினேன். ஏன் என்று என்னைக் கேட்காதே, எனக்கே அப்போது தெரியவில்லை. லுவான் அம்மா கூச்சமே இல்லாமல் தன் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, என் தலையைப் பார்த்தார். "உங்களுக்கு இன்னும் வயசாகலையா சார்? முடி மட்டும் முன்கூட்டியே ரிட்டையர் ஆயிடுச்சா?" என்றார். கவுண்டர்ப் பெண் விழுந்து விழுந்து சிரித்தது.

படிக்கு வருகிறேன். படியா அது? சுவரைச் சாய்த்து வைத்துவிட்டுப் படி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் என் முட்டி உயரம், உள்ளே இருட்டு, நிமிர்ந்து பார்த்தால் தலை சுற்றுகிறது. ரெண்டு கம்பளிக் கால்சட்டையும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு காலை மடக்க விடவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

நான் பஸ் ஓட்டினதைப் பூங்காவிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த லுவான் அம்மா பின்னாலிருந்து, "டிரைவர் சார், வண்டி ஏன் நின்னுடுச்சு?" என்றார்.

"சிக்னல்."

"எந்தப் பக்கம் சிக்னல்? எனக்குத் தெரியலையே."

"முட்டிப் பக்கம்."

அதற்குள் அவருக்குப் பின்னால் ஒரே மாதிரித் தொப்பி போட்ட சுற்றுலாக் கூட்டம் ஒன்று வந்து அடைத்துக்கொண்டது. "முன்னாடி என்னப்பா பஞ்சாயத்து? ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு!" என்று ஒருத்தன் கத்தினான். லுவான் அம்மா திரும்பிப் பார்த்து, "கோபுரம் எத்தனையோ நூறு வருஷமா இங்கதான் நிக்குது. நீ போறதுக்குள்ள எங்கயும் ஓடிடாது. வாய மூடிட்டு நில்லு" என்று ஒரு போடு போட்டார். கூட்டம் கப்சிப். என்னைத் தாண்டி மேல்படிக்குப் போய்க் குடைப் பிடியை நீட்டினார். பிடித்தேன், குடை பட்டென்று விரிந்துகொண்டது, இருட்டில் குடைக்குள் ரெண்டு பேரும் மாட்டிக்கொண்டோம், கீழே எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவர் குடையை மடக்கிவிட்டுக் கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். யுன்ஷு, இது அவசரத்துக்கு, நீ வேறு மாதிரி நினைக்காதே. மேலே போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை என்றால், அங்கே தரை வழுவழுப்பாக இருந்தது, அதனால்தான்.

மேலே மண்டபம் நிறைய முரசுகள், ஒவ்வொன்றும் ஆளை விழுங்கும் அளவு. ஒரு ஓரத்தில் பழைய முரசு ஒன்று தனியாக, தோல் கிழிந்து நிற்கிறது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சுய் பெரியப்பாவின் பாடத்தை எடுத்துவிட்டேன். "இந்தக் கிழிசல் இருக்கு பாருங்க, இது அந்தக் காலத்துல எலி கடிச்சது. பஞ்ச காலம், எலிக்கும் தீனி இல்ல." லுவான் அம்மா பக்கத்துப் பலகையைப் பொறுமையாகப் படித்தார். "வெளிநாட்டுச் சிப்பாய்ங்க கத்தியால கிழிச்சதுன்னு போட்டிருக்காங்களே?" என்றார். நான் விடுவேனா? "அவங்களோட வந்த எலியா இருக்கும்" என்றேன். அவ்வளவுதான், அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சார், உண்மையச் சொல்லுங்க, நீங்க இங்க வந்ததே இல்லதான?" என்றார். "இல்லை" என்றேன். "சுத்தும்போதே தெரிஞ்சுது. எங்க போறீங்கன்னு பாப்போம்னுதான் கூடவே வந்தேன்" என்றார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டு அத்தனை நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

இனி பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஹைதாவ் பற்றிப் பேசலாம் என்று நான் வாயைத் திறந்த அதே சமயம் முரசடிப்பவர்கள் சிவப்பு உடையில் வரிசையாக வந்துவிட்டார்கள். முதல் அடி. எனக்கு நேர் பின்னால். நான் துள்ளின துள்ளலில் கையிலிருந்த பிளாஸ்க் பறந்து, தரையில் விழுந்து, மூடி ஒரு பக்கம் ஓட, பிளாஸ்க் உருண்டு உருண்டு நடு மண்டபத்துக்கே போய்விட்டது. தேநீரும் சிவப்புப் பழமும் வழியெல்லாம் கொட்டின. ஒரு முரசுக்காரர் அடியை விடாமலேயே ஒரு காலைத் தூக்கி பிளாஸ்க்குக்கு வழி விட்டார். ஜனங்கள் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். நான் அவமானத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

வீட்டில் படுத்துக்கொண்டு இந்தச் சத்தத்தைக் கேட்டு, மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று தெருக்குழுவில் புகார் கொடுத்தவன் நான், உனக்குத் தெரியும். கிட்டே நின்று கேட்டால் அது காதில் விழுகிற சத்தமே இல்லை. நெஞ்சில் நேராக வந்து இடிக்கிறது. உன் அம்மா போனதிலிருந்து நான் ரேடியோவையும் சுய் பெரியப்பாவையும் தவிர வேறு எதையும் இத்தனை நேரம் நின்று கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், நடக்கவில்லை, தேம்பி அழுதேன். லுவான் அம்மா கைக்குட்டையை நீட்டி, "தேத்தண்ணி கொட்டினதுக்கா இப்படி அழறீங்க?" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை. அவர் வீட்டுக்காரர் போனது உன் அம்மா போனதற்கு முந்தின வருஷம்.

அப்புறம் வெளி மாடத்துக்குப் போனோம். கீழே நம் கூரைகள், சாம்பல் ஓடு, எல்லாம் ஒட்டி ஒட்டி. என் வாழ்நாளில் நம் வீட்டை மேலேயிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். சமையலறை மேல் போட்ட நீலத் தகரத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். கொடியில் என் பனியன் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்க மறந்துவிட்டேன். அத்தனை தூரத்திலும் அதில் இருக்கிற ஓட்டை தெரிகிற மாதிரி எனக்குத் தோன்றியது.

"அந்தப் பனியன் வீடுதான் உங்களுதா?" என்றார்.

"வீடு என்னோடது. பனியன் பக்கத்து வீட்டுச் சுய்யோடது."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரர் பனியன் உங்க கொடில ஏன் தொங்குது?"

அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். "முற்றத்துல ஒத்த நாற்காலி போட்டிருக்கே" என்றார்.

"ஒரு ஆளுக்கு ஒண்ணு போதாதா?"

"இன்னொண்ணு எங்க?"

"மழைல நனையுதுன்னு உள்ள வச்சேன்."

"எப்ப?"

"அவ போன வருஷம்."

அவர் குடையை மாடச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "எங்க வீட்டுலயும் ஒரு நாற்காலி உள்ளதான் இருக்கு. மேல துணி மடிச்சு வச்சிருக்கேன், நாற்காலின்னு தெரியாம இருக்க" என்றார். சம்பந்தம் பேசுகிற இடத்தில் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் பேசினோம்.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். முன்னால் பார்த்து இறங்கினால் நேராகப் பரலோகம்தான் தெரிகிறது. ஆகையால் திரும்பி நின்று, சுவரைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே இறங்கினேன். லுவான் அம்மா எனக்குக் கீழே நின்றுகொண்டு, "வரலாம்... வரலாம்... வரலாம்... லெப்டுல ஒடிங்க... ஹோல்டேன்! அங்க ஒரு அம்மா ஏறுறாங்க... ம், இப்ப வரலாம், ரைட்டு!" என்று கடைசிப் படிவரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். என் சர்வீஸில் எனக்கு வாய்த்த கண்டக்டர் ஒருத்தராவது இப்படி அக்கறையாக ரிவர்ஸ் பார்த்திருப்பாரா? கீழே வந்து சோயா விழுது பிசைந்த நூடுல்ஸ் சாப்பிட்டோம். அவர் கிண்ணத்திலிருந்த வெள்ளரிக்காயை எடுத்து என் கிண்ணத்தில் போட்டார். எனக்கு வெள்ளரிக்காய் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஒன்று விடாமல் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் சுய் பெரியப்பா புறாக்கூண்டுக்கு மேலேயிருந்தே விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"பையனுக்குச் சொந்த வீடு இருக்கா?"

"கேக்கல."

"சம்பளம்?"

"கேக்கல."

"குடிப்பானா?"

"அதுவும் கேக்கல."

"அப்ப காலைலேருந்து அங்க என்னதான்டா பேசினே?"

யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். பெண்ணைப் பெற்றவன் இவ்வளவு பொறுப்பில்லாமல் இருக்கலாமா? ஆகவே விட்டுப்போன கேள்விகளைக் கேட்பதற்காக மறு வாரமும் ஏறினோம். அன்றைக்குப் பார்த்து நல்ல காற்று, புறாக்கள் வேறு பறந்தன, கேட்க மறந்துவிட்டது. அதற்கடுத்த வாரமும் போனோம். இப்போதெல்லாம் வாசலில் என்னைக் கண்டால் காவலாளி பிளாஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார். முட்டி கொஞ்சம் பழகிவிட்டது, கம்பளிக் கால்சட்டையை ஒன்றாகக் குறைத்துவிட்டேன்.

நிற்க. பையன் விஷயம். ஹைதாவ் தங்கமான பையன். லிப்ட் கம்பெனியில் பொறியாளர். கொத்தமல்லி சாப்பிட மாட்டான். இதற்கு மேலும் எழுத நிறைய இருக்கிறது, காகிதத்தில்தான் இடமில்லை. நீ பூமிக்குக் கீழே இறங்குகிறாய், அவன் மேலே ஏற்றிவிடுகிறான், பொருத்தம் என்றால் இதுதான் என்று சுய் பெரியப்பா சொல்கிறார். அவன் அம்மா தங்கத்திலும் தங்கம். அப்படி ஒரு மாமியார் கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆகவே அப்பா சொல்வதைக் கேட்டு, நிலாப் பண்டிகைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, அந்தப் பையனை ஒரு தடவை கண்ணால் பார். பிடிக்கவில்லை என்றால் நான் வாயே திறக்க மாட்டேன்.

சுரங்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாதே. காலையில் வெறும் காபியைக் குடித்துவிட்டு ஓடாதே. நீ தோண்டும் பாதையெல்லாம் நேராக இருக்கட்டும், உன் தலைக்கு மேலே எப்போதும் உறுதியான கூரை இருக்கட்டும், அதன் கீழே உன்னோடு பேச ஒரு குரல் இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா
குவான் பெய்லின்

பின்குறிப்பு: யுன்ஷு, மேலே எழுதினதையெல்லாம் ரத்து செய்துகொள்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன். லுவான் அம்மா வந்தார். தபால் ஆபீஸ்காரர் ஆயிற்றே, எவ்வளவுக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். உறையைக் கையிலேயே எடை பார்த்துவிட்டு, "இவ்ளோ கனமா? என் பையன் மேல புகாரா?" என்று பிரித்துப் படித்துவிட்டார். நான் தடுக்கவில்லை. முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தை மறுபடியும் படித்தார்.

"குவான் சார், இது பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்த லெட்டரா? என் பையன் இதுல எங்க இருக்கான்? கொத்தமல்லிக்குப் பக்கத்துல ஒரு வரில நிக்கிறான். மீதி முழுக்க நான்தான இருக்கேன்?"

"நான் என்ன பண்றது, நடந்தத எழுதினேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். நடந்தது இதுதான்" என்றார். பிறகு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு, "பசங்களுக்கு முடிச்சிட்டா நீங்களும் நானும் சம்பந்தி. சம்பந்தி ஆயிட்டா அதோட சரி, இந்த ஊரு ஒலகத்துல நாம வேற ஒண்ணும் ஆக முடியாது. யோசிச்சு ஸ்டாம்ப் ஒட்டுங்க" என்றார்.

நான் யோசித்தேன். ஸ்டாம்ப் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

தனியாக யாரும் நல்லா இருக்க முடியாது என்று நான் உன்னைப் போட்டு இத்தனை வருஷமாகப் படுத்தி எடுத்தேனே, அது உன்னைப் பற்றி இல்லை போலிருக்கிறது மகளே. நீ நல்லாத்தான் இருந்திருக்கிறாய். நான்தான் இல்லை. அறுபது தாண்டின கிழவனுக்கு இது தெரிய ஒரு முரசு இடிக்க வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகவும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஹைதாவைப் பார்க்க நீ வர வேண்டாம். மாப்பிள்ளையாக வேண்டாம், அண்ணன் என்று வைத்துக்கொள், லிப்ட் ரிப்பேர் ஆனால் உதவுவான். உன் அம்மா படத்துக்கு முன்னாலும் சொல்லிவிட்டேன். படம் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல். நீ வேண்டாம் என்றால் வேண்டாம், அடுத்த வியாழக்கிழமை முதல் நான் கோபுரம் ஏற மாட்டேன். முதலில் நான் உனக்கு அப்பா, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பாதே, எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்று எனக்குத் தெரியாது.

யுன்ஷு, இது லுவான் சுஜென் எழுதுவது. உன் அப்பா கோந்து தேடி உள்ளே போயிருக்கிறார், வருவதற்குள் எழுதிவிடுகிறேன். என் பையனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன் பதில் வரட்டும் என்று இருக்கிறேன். நீ கோபப்பட்டால் நியாயம்தான், உன் இடத்தில் நான் இருந்தால் ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன். உன் அம்மாவின் இடத்துக்கு யாரும் வர முடியாது என்பது எனக்குத் தெரியும், என் வீட்டிலும் அப்படி ஒரு படம் மாட்டியிருக்கிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். குளிர் வருகிறதே என்று உன் அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தேன். ஹைதாவுக்கு என்று சொல்லித்தான் அவர் முதுகில் அளவு எடுத்தேன், அவருக்குத் தெரியாது. உடம்பும் ரெண்டு கையும் முடிந்துவிட்டது, கழுத்துதான் பாக்கி. உன் பதில் வரும்வரை ஊசியைக் கீழே வைத்திருக்கிறேன். பிரிக்கச் சொல்லிவிடாதே அம்மா.